300 பேருக்கு ஒரு நாளா, 20 பேருக்கு ஒரு வருடமா?

கோலாலம்பூரில் ஒரு பிபிஆர் (அரசின் மக்கள் வீடமைப்புத் திட்ட) அடுக்குமாடியில் வசிக்கும் 34 வயதுச் சகோதரி ஐந்து பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

பகலில் கணக்கர் வேலை. மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை 4 மணி முதல் 7.30 வரை, அடுக்குமாடியின் கீழ்த்தள மண்டபத்தில் 13 முதல் 19 வயது வரையுள்ள இருபது பிள்ளைகளைச் சேர்த்துவைக்கிறார். வீட்டுப்பாடத்தில் தொடங்கியது. இப்போது கேரம், ஃபுட்சால், உறுமி மேளம் என்று வளர்ந்திருக்கிறது. சில மாதங்களுக்கு முன் மூன்று பையன்கள் புதிதாக வந்தார்கள். இருவர் படிவம் 3-உடன் பள்ளியை விட்டவர்கள். மூன்றாமவனுக்கு 17 வயது. ஓர் அடிதடி வழக்கில் நான்கு நாள் தடுப்புக் காவலில் இருந்து வெளியே வந்தவன். அவன் படத்தை யாரோ குடியிருப்பாளர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். "அந்த மூன்று பேரை அனுப்பிவிடு, இல்லையென்றால் மண்டபச் சாவியைத் திருப்பிக் கொடு" என்கிறது மண்டபக் குழு.

இதற்கிடையே ஒரு தொழிலதிபர் 20,000 ரிங்கிட் தர முன்வந்திருக்கிறார். 300 மாணவர்கள், டி-சட்டை, பதாகை, பெயர் பெற்ற பேச்சாளர் என்று ஒரு நாள் தன்முனைப்பு முகாம் நடத்த வேண்டும் என்பது அவர் நிபந்தனை.

சகோதரியின் மற்றக் கவலைகள்: பெண் பிள்ளைகள் நான்கே பேர்தான் வருகிறார்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் பையனின் வீடு 11ஆம் மாடியில், லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடுகிறது. 16 வயதுப் பெண் ஒருத்திக்குக் குடியுரிமை இல்லை, அவளைச் சேர்த்தது தப்பாகிவிடுமோ என்ற பயம். இன்னொரு பிள்ளை ஒரு ரகசியம் சொல்லி, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறது. இளைஞர் சங்கமாகப் பதிந்து தானே தலைவியாகலாமா என்றும் கேட்கிறார். கடைசி வரி: "மூன்று வருடத்தில் ஒருவர்கூடப் பல்கலைக்கழகம் போகவில்லை. நான் செய்வதெல்லாம் வீணா அம்மா?"

அன்புச் சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வீணில்லை. உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒன்று என்னை நிறுத்திவிட்டது. மழையோ தீபாவளியோ, ஒரு சனிக்கிழமைகூட மண்டபம் பூட்டியிருந்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கொடுப்பதிலேயே பெரியது அதுதான். மற்ற எல்லா முடிவுகளையும் அதைக் காப்பாற்றுகிற மாதிரி எடுங்கள் என்பதே என் ஆலோசனை.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், ஆலோசகராவதற்கு முன் செந்தூல் பக்கம் ஒரு மாலை நேர மையத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே ஒரு பையன் உள்ளே வரவே மாட்டான். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்திருப்பான். ஐந்து மாதம். கறிபாப் கொடுத்தால் வாங்கிக்கொள்வான், பேசமாட்டான். ஒரு நாள் அடைமழையில் கூரை ஒழுகியது. எழுந்து வந்து, வாளியை எடுத்து ஒழுகும் இடத்தில் வைத்துவிட்டு, அங்கேயே நின்றான். அதன்பின் உள்ளேதான் இருப்பான். பல மாதம் கழித்து, ஏன் அப்படி வெளியிலேயே உட்கார்ந்திருந்தாய் என்று கேட்டேன். "நீங்க எப்போ மூடிட்டுப் போறீங்கன்னு பார்க்கத்தான் டீச்சர்" என்றான். அவனுக்கு அதற்கு முன் நான்கு பேர் "உனக்கு உதவுகிறோம்" என்று வந்து, படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

நம் பிள்ளைகளில் பலருக்கு இந்த அனுபவம் குடும்பத்திலேயே இருக்கிறது. தாத்தா தோட்டத்தை விட்டு வந்தார், அப்பா புறம்போக்குக் குடிசையிலிருந்து நீளவீட்டுக்கு வந்தார், இவர்கள் 700 சதுர அடி அடுக்குமாடியில் வளர்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கோயிலும் திடலும் கூட்டாளிகளும் கைவிட்டுப் போயின. போகாமல் இருக்கிற ஒன்றை நம்ப அவர்களுக்கு நாளாகும்.

அந்த மூன்று பையன்கள்

தயவுசெய்து அனுப்பிவிடாதீர்கள். ஆனால் குழுவினரின் பயத்தையும் அலட்சியம் செய்யாதீர்கள். அவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தான்.

ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். "போலீஸ் ரெக்கார்டு உள்ளவன்" என்று எழுதியிருக்கிறீர்கள். தடுப்புக் காவல் என்பது விசாரணைக்காக. தண்டனையாகாது. நம் நாட்டில் கைதான ஒருவரை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். 14 ஆண்டுக்குக் குறைவான சிறைத்தண்டனை உள்ள குற்றம் என்றால் முதல் உத்தரவில் அதிகபட்சம் நான்கு நாள். உங்கள் பையன் இருந்தது அந்த நான்கு நாள்தான் என்று தெரிகிறது. குற்றம் சாட்டப்படவில்லை, எந்த நீதிமன்றமும் அவனைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. அவனுக்கு 17 வயது, சட்டத்தின் கண்ணில் சிறார். விசாரணையில் உள்ள சிறாரின் பெயரையும் படத்தையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்று 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம் 15ஆம் பிரிவில் சொல்கிறது. நாளிதழே போடக்கூடாத படம் வாட்ஸ்அப்பில் சுற்றுவது எப்படிச் சரியாகும்? போட்டவரிடம் தனியாகப் பேசி, எடுக்கச் சொல்லுங்கள். எல்லார் முன்னாலும் சண்டை பிடித்தால் படம் இன்னும் நாலு குழுவுக்குப் போகும்.

அப்புறம், இவனைச் சேர்த்ததால் உங்கள் மேல் வழக்கு வருமா? வராது. விசாரிக்கப்பட்ட ஒரு பையனுக்குக் கேரம் ஆட இடம் கொடுப்பது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. ஆனால் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். ரகசியக் கும்பல் சம்பந்தப்பட்ட எதுவும், கும்பலைக் குறிக்கும் எண்ணோ சின்னமோ வசூலோ ஆள் சேர்ப்போ, மண்டபத்துக்குள் வரக் கூடாது. 1966ஆம் ஆண்டின் சங்கச் சட்டம் இதைக் கடுமையாகப் பார்க்கிறது. இந்த விதி எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. "உங்கள் மூவருக்கும்" என்று தனியாக ஒரு விதி போட்டால், நீங்களும் அவர்களை முத்திரை குத்திவிட்டீர்கள் என்றாகும்.

விதிகளைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதுங்கள். என் அனுபவத்தில் பிள்ளைகள் நம்மைவிடக் கறாராக எழுதுவார்கள், நாம்தான் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மண்டபக் குழுவிடம் போங்கள். மூன்று மாத அவகாசம் கேளுங்கள். குழுவிலிருந்து ஒருவர், முடிந்தால் ஓர் அம்மா, வாராவாரம் வந்து உட்காரட்டும். நேரில் பார்த்தவர்களின் பயம் குறைவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். குறையாமலும் போகலாம். அப்படியானால் வேறு மண்டபம் தேட வேண்டிவரும். கோயில் மண்டபமோ தமிழ்ப்பள்ளியோ சும்மா இருக்குமா என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

இன்னொன்றையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். கைதானால் காரணம் கேட்கலாம், வீட்டுக்குத் தகவல் சொல்லலாம், வழக்கறிஞரைக் கேட்கலாம். சாதாரணக் குற்ற வழக்குகளில் இது குற்றவியல் நடைமுறைச் சட்டம் தரும் உரிமை. தேசியச் சட்ட உதவி அறவாரியம் 2012 முதல், தடுப்புக் காவல் விசாரணையின்போது இலவசமாக வழக்கறிஞரை அனுப்புகிறது. கத்தாமல், ஓடாமல், கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பள்ளியை விட்ட இருவருக்கும் அவசரப்பட்டு "படி படி" என்று சொல்லாதீர்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து, மலாய் போதாமல் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் பின்தங்கி, தன்னைவிடச் சின்னவர்களோடு உட்கார்ந்து வெறுத்துப்போன பிள்ளைகள் நம்மில் நிறைய. உங்கள் இருவரும் அப்படித்தானா என்று தெரிந்துகொள்ளுங்கள். கையால் செய்யும் வேலையில் நாட்டம் இருந்தால் கியாட் மாரா, தேசிய இளைஞர் திறன் பயிற்சிக் கழகம் போன்ற இடங்களுக்கு ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்ப் பட்டறையைக் காட்டுங்கள். துண்டுப் பிரசுரம் கொடுப்பதால் ஒன்றும் ஆகாது.

20,000 ரிங்கிட்

தொழிலதிபரை மறுத்துவிடாதீர்கள். அவர் நல்ல மனதோடுதான் வந்திருக்கிறார். அவருக்குத் தெரிந்த ஒரே வடிவம் முகாம். நம் சமூகம் பல ஆண்டுகளாக அதை மட்டும்தானே காட்டியிருக்கிறது! காலையில் அழவைத்து, மதியம் பிரியாணி கொடுத்து, மாலையில் உறுதிமொழி வாங்கி அனுப்புகிறோம். திங்கட்கிழமை அந்தப் பிள்ளை அதே வீட்டில், அதே வகுப்பில் இருக்கிறது. பேச யாரும் இல்லை.

முகாமே தப்பு என்று சொல்லமாட்டேன். ஒரு வருடம் கூடவே இருந்த 25 பேரைப் போர்ட்டிக்சனுக்கு இரண்டு நாள் கூட்டிப் போனால் அது அவர்களுக்கு வாழ்நாள் நினைவு. முகம் தெரியாத 300 பேருக்கு அது ஒரு டி-சட்டை. 1992இல் ரோஜர் ஹார்ட் என்பவர் யூனிசெஃப் அமைப்புக்காகப் பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக எழுதினார். கீழிருந்து இரண்டாவது படியை அலங்காரம் என்றார். பெரியவர்களின் நோக்கத்துக்குப் பிள்ளைகளைச் சட்டை மாட்டி நிறுத்துவது. அதைப் பங்கேற்பு என்றே அவர் ஏற்கவில்லை.

அவரிடம் ஒரு கணக்கைக் காட்டுங்கள். 20,000 ரிங்கிட்டை 50 சனிக்கிழமைக்குப் பிரித்தால் வாரத்துக்கு 400. அதில் 100 பலகாரத்துக்கும் மைலோவுக்கும். 160, பழைய பிள்ளைகளில் 18 வயது தாண்டிய இருவருக்குத் தலா 80 என்று உதவித்தொகை. மிச்சம் 140இல் புத்தகம், தேர்வுக் கட்டணம், மேளத் தோல், பெண் பிள்ளைகளை வீட்டில் விடும் செலவு. அவர் பெயரைப் பலகையில் போடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. இரண்டு முறை நேரில் வந்து பிள்ளைகளோடு டீ குடிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் மூன்று ஆண்டுக்குக் கேளுங்கள். ஒரு வருடப் பணம் என்றால் பத்தாவது மாதத்திலிருந்தே உங்கள் கவனம் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடும், பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எண்ணிக்கை கேட்பார். மளிகைக் கடையில் கடன் எழுதும் அந்தச் சின்ன 555 நோட்டில் வருகையைக் குறிப்பதாகச் சொன்னீர்கள், நன்று. அதிலேயே இன்னொரு பக்கத்தில், யார் வரவில்லை, ஏன் என்று எழுதுங்கள். மூன்று வாரம் வராதவன் வீட்டுக் கதவை யார் தட்டினார், திரும்பி வந்தானா? இந்தப் பக்கத்தைக் காட்டினால் எந்த நல்ல மனிதருக்கும் புரியும். முகாம்தான் வேண்டும், இல்லையென்றால் பணம் இல்லை என்று அவர் நின்றால், நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். அதை நடத்த உங்களுக்கு மூன்று மாத உழைப்பு போகும். இருபது பிள்ளைகளின் சனிக்கிழமைதான் அதற்கு விலை.

நீண்டகால வேலை நமக்குப் புதிதும் இல்லை. தமிழ் முரசு நாளிதழின் மாணவர் மணிமன்றப் பகுதியில் எழுதிய பிள்ளைகள்தான் பின்னாளில் ஊருக்கு ஊர் இளைஞர் மணிமன்றம் கண்டார்கள். 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் வாராவாரம் வகுப்பு நடத்தித்தான் தலைமுறைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது.

எல்லாருக்கும் இடம் என்றால்

பெண் பிள்ளைகள் வராததைப் "பெற்றோரின் பிடிவாதம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி முடிவு கட்டுவதற்கு முன் அந்த அம்மாக்களிடம் போய்க் கேளுங்கள். 7.30க்கு இருட்டிவிடுகிறது. லிஃப்ட் வாசலில் யார் நிற்கிறார்கள்? மண்டபக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? முதல் ஒன்றரை மணி நேரம் பையன்கள் மேளம் அடித்தால் பெண் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஞாயிறு காலை சமய வகுப்பு முடிந்ததும் இன்னொரு வேளை வைத்துப் பாருங்கள். மேளம் அடிக்க விரும்பும் பெண் பிள்ளையும் இருக்கலாம், கேட்டீர்களா?

சக்கர நாற்காலிப் பையன் விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். சனிக்கிழமை மூன்று மணிக்கு ஒருவர் லிஃப்டைப் பார்த்துவிட்டு வரட்டும். ஓடவில்லை என்றால் அன்றைய கூட்டம் 11ஆம் மாடி நடைபாதையில். கேரம் பலகையை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஏறிவிடலாம். அவனைத் தூக்கிக்கொண்டு இறங்குவது ஆபத்து, அவனுக்கும் கூச்சம்.

லிஃப்ட் எந்தெந்தத் தேதியில் நின்றது, எத்தனை மணி நேரம் என்று பிள்ளைகளே ஒரு பட்டியல் எழுதட்டும். மூன்று மாதப் பட்டியலோடு மாநகர மன்றத்துக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் கடிதம் போடட்டும், கையெழுத்து அவர்களுடையது. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிறைந்தவர்கள் தாமாகவே வாக்காளர் ஆகிறார்கள். உங்கள் குழுவில் அந்த வயதுக்காரர் இருக்கிறார்கள் என்பதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே சொல்லலாம். இளைஞர் கொள்கை என்று புத்ராஜெயாவில் எழுதுவதெல்லாம் கடைசியில் இப்படியொரு லிஃப்டில்தான் வந்து நிற்கிறது.

குடியுரிமை இல்லாத பெண்ணைச் சேர்த்தது தப்பே இல்லை. படிக்க, விளையாட வருவதற்கு அடையாள அட்டை தேவையில்லை. ஆனால் அவள் விஷயத்தில் நேரம் ஓடுகிறது. சிறப்புச் சூழ்நிலையில் பிள்ளைகளைக் குடிமகனாகப் பதிய அரசியலமைப்பின் 15ஏ பிரிவு இடம் தருகிறது. விண்ணப்பிக்கும் வயது வரம்பு நெடுங்காலம் 21. அதை 18 ஆகக் குறைக்கும் திருத்தம் 2024 அக்டோபரில் மக்களவையில் நிறைவேறியது. ஆகவே 18க்கு முன் விண்ணப்பம் தேசியப் பதிவிலாகாவுக்குப் போயாக வேண்டும். பெற்றோரின் திருமணப் பத்திரம், மருத்துவமனைப் பதிவு, பள்ளிக் கடிதம் எல்லாவற்றையும் இப்போதே திரட்டுங்கள். இந்த வேலையில் பழக்கமுள்ள டிஎச்ஆர்ஆர்ஏ மலேசியா போன்ற அமைப்பையும் ஒரு வழக்கறிஞரையும் பாருங்கள். நீங்களே மனு எழுத வேண்டாம்.

அந்த ரகசியம்

அது என்ன என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைமீது பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பது 2017ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி குற்றம், 5,000 ரிங்கிட் வரை அபராதம். அப்படி ஒன்றானால் இன்றே அந்தப் பிள்ளையிடம் போய், "நான் சத்தியம் செய்திருக்கக் கூடாது. உன்னைக் காப்பாற்றத்தான் சொல்லப்போகிறேன், கூடவே இருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் புகார் செய்யுங்கள். 15999 என்ற ‘தாலியான் காசே’ உதவித் தொலைபேசி எண்ணிலும் உதவி கேட்கலாம். இனிமேல் யாருக்கும் முழு ரகசியம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒருவரும் பூட்டிய அறையில் இருப்பது, இரவில் தனியாகக் குறுஞ்செய்தி, தனியாகக் காரில் ஏற்றிப் போவது, இவை மூன்றும் உங்களுக்கும் கூடாது, உதவியாளர்களுக்கும் கூடாது.

பதிவும் வயதும்

இது சின்ன விஷயம். இளைஞர் சங்கங்களும் இளைஞர் மேம்பாடும் பற்றிய 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் 40ஆக இருந்த இளைஞர் வயதின் மேல் வரம்பை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 30 ஆக்கியது. ஆகவே 34 வயதில் இளைஞர் சங்கத் தலைவி ஆவதைத் திட்டமிடாதீர்கள். இரண்டு வழி உண்டு. ஒன்று, 1966 சங்கச் சட்டத்தின்கீழ் குறைந்தது ஏழு பேரோடு சமூக நலச் சங்கமாகப் பதிந்து நீங்கள் தலைமை ஏற்கலாம். மற்றது, உங்கள் 19 வயதுப் பிள்ளைகள் வளர்ந்து இளைஞர் சங்கம் தொடங்கட்டும், நீங்கள் ஆலோசகர். என்னைக் கேட்டால், முதலில் ஒன்று, நான்கைந்து ஆண்டில் மற்றது. இளைஞர் சட்டத்தின் வயது 15இல்தான் தொடங்குகிறது, உங்களிடம் 13 வயதுப் பிள்ளைகளும் இருப்பதை மறக்க வேண்டாம்.

இன்னொன்று. நீங்கள் தனியாளாக இருக்கிறீர்கள். மூன்று ஆண்டில் ஒரு சனிக்கிழமைகூடப் பூட்டாதது என்னை நெகிழவைத்தது, அதே வரி பயமுறுத்தவும் செய்தது. காய்ச்சலோடு போயிருப்பீர்கள். நீங்கள் விழுந்தால் கதவு மூடும். வரும் வாரமே சாவிக்கு இரண்டு நகல் எடுங்கள். ஒன்று நம்பிக்கையான ஓர் அம்மாவிடம், ஒன்று உங்கள் மூத்த பிள்ளையிடம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர்கள் திறக்கட்டும், நீங்கள் போகவே போகாதீர்கள். தொலைபேசியையும் எடுக்காதீர்கள். முதல் முறை மனம் கேட்காது, மேல்மாடியிலிருந்து எட்டிப் பார்க்கத் தோன்றும். மண்டப விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள்.